டாக்டர் வீட்டுக் கணக்கு நோட்டு

எங்கள் ஊரில் நாற்பது வயதைக் கடந்தவர்களில் பாதிப்பேருடைய வயிற்றில் அவருடைய கத்தியின் வடு இருக்கிறது. குடல்வால் அழற்சி, குடலிறக்கம், பித்தப்பைக் கல், ஆறாத சர்க்கரைப் புண் என்று 27 ஆண்டுகள் அந்தக் கைகள் எங்களுக்காக உழைத்தன. அன்னாரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. குடும்பத்தார் அதை விரும்பமாட்டார்கள். பெயர் தேவையும் இல்லை. நாகப்பட்டினம் கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் டாக்டர் என்றால் அவர் ஒருவரையே குறிக்கும்.

அவருடைய புகழைப் பாடுவது என் நோக்கமன்று. அவர் மறைந்தபின் அந்த வீட்டுக்கு உதவ வேண்டும் என்று ஊரே எழுந்து நின்றது. எது உதவி, எது உதவியே அன்று, எது அந்தக் குடும்பத்தின் உரிமை என்று பிரித்தறியும் நெருக்கடி அப்போது எங்களுக்கு ஏற்பட்டது. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஜமாஅத்தின் வரவு செலவுகளை எழுதி வருபவன் என்பதால் அந்த நெருக்கடியின் நடுவில் நிற்க நேர்ந்தது. இதைப் போன்ற வீடுகள் எல்லா ஊர்களிலும் இருக்கும்; ஆகையால் எழுதுகிறேன்.

டாக்டர் 1996 ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கு வந்தார். கடைத்தெருவில் பன்னிரண்டு கட்டில்களோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளியிடம் பேசும்போது மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டுவது அவர் வழக்கம். என் மனைவியின் பித்தப்பையை அவர் வரைந்து கொடுத்த சீட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பார்த்தால் பேயன் வாழைப்பழம் போலிருக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் மணலும் சேறும் புகுந்த காயங்களோடு வந்தார்கள். டாக்டர் அவற்றைக் கழுவிச் சுத்தம் செய்து, தைக்காமல் திறந்தபடியே கட்டுப்போட்டு அனுப்பினார். "இவருக்குத் தைக்க நேரமில்லையா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். "கடல் விட்டுப்போன சேற்றை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்கிறீர்களா? நாலு நாள் போகட்டும், புண் சுத்தமாக இருந்தால் தைப்போம்" என்றார். அந்த நாட்களில் அவர் தூங்கியதை அவருடைய கம்பவுண்டர்கூடப் பார்த்ததில்லையாம்.

அவர் இலவச மருத்துவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வஃபாத்துக்குப் பிறகு ஊரார் அவரைப் பற்றிப் பேசியதைக் கேட்டால், காசே வாங்காமல் அறுவைச் சிகிச்சை செய்தவர் என்று தோன்றும். உண்மை அதுவன்று. நியாயமான கட்டணம் வாங்கினார். கையில் பணம் இல்லாதவரிடம் "பிறகு கொடு" என்பார். கம்பவுண்டர் அதை நீள நோட்டில் பதிந்துகொள்வார். ஒருமுறை நான் கேட்டேன், வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று. "இலவசம் என்றால் மானமுள்ளவன் அடுத்த முறை நோயை மறைத்து வீட்டிலேயே கிடப்பான், சார். கடன் என்றால் நிமிர்ந்து வருவான்" என்றார். திருப்பித் தரவே இயலாதவர் என்று தெரிந்தால், அந்தப் பெயரின் மீது தாமே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அப்படிக் கோடு விழுந்த பெயர்கள் ஏராளம். கோடு விழாத பெயர்களும் ஏராளம்.

2022 ஆகஸ்டில் கண்ணாடி முன் நின்று முகம் கழுவும்போது தம் கண்களின் வெள்ளையில் மஞ்சள் படர்ந்திருப்பதை அவரே கண்டார். வலி ஏதும் இல்லை. வலியில்லாத மஞ்சள் காமாலை எதைச் சொல்கிறது என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியாதா? திருச்சியில் ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பிறர் சொல்லும் முன் தாமே படித்துக்கொண்டார். கணையத்தின் தலைப்பகுதியில் புற்று; கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கணையம் வயிற்றின் ஆழத்தில் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. அங்கே தோன்றும் கட்டி வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கண்டுபிடிக்கும்போது அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை என்று அவரே பின்னர் எனக்குச் சொன்னார். பிறர் வயிற்றைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. மருந்து கட்டியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது; பதிலுக்கு அவருடைய விரல் நுனிகளில் மரமரப்பை ஏற்படுத்தியது. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் ஊசி குத்துவது போலிருக்குமாம். ஒருநாள் குடலிறக்க அறுவையில் நூலை முடிச்சிடும்போது, முடிச்சு இறுகியதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு வெளியே வந்தார். அதன்பிறகு அவர் தியேட்டருக்குள் நுழையவில்லை.

2023 மே மாதம், ஒரு வியாழன் இரவு, அன்னார் தாருல் பனாவை விட்டும் தாருல் பகாவை அடைந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 56. தாயார், மனைவி, கல்லூரியில் படிக்கும் 19 வயது மகள், 11 வயது மகன் ஆகியோரை விட்டுச் சென்றார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசுகளில் ஒருவர் நின்று, "மர்ஹூம் யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பது நம் வழக்கம். டாக்டரின் மைத்துனர் அவ்வாறே அறிவித்தார். கடன்பட்டு மறைந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகத்தாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்ததும் நாம் அறிந்த செய்தி. ஆனால் அறிவிப்பின் மறுபாதியை நான் எந்த ஜனாஸாவிலும் கேட்டதில்லை. மர்ஹூமுக்குத் தரவேண்டியவர்கள் வந்து சொல்லுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாருக்கும் நினைவும் வருவதில்லை. அன்று மைதானம் கொள்ளாத கூட்டம். நோட்டில் பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர் அந்த வரிசைகளில் நின்றார்களோ, அல்லாஹ் அறிவான்.

முதல் மூன்று நாட்கள் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொண்டுபோனார்கள். இதில் எங்கள் ஊர்ப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. யார் காலை, யார் பகல், யார் இரவு என்று தாங்களாகவே வகுத்துக்கொண்டார்கள். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் அல்லவா? அந்த வழிமுறை நம்மிடையே உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு மூன்றாம் நாளோடு முடியவில்லை என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மூன்று நாட்கள் கழித்து நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு மீண்டும் சென்று, பிள்ளைகளை அழைத்து, நாவிதரை வரவழைத்து அவர்களுடைய தலைமுடியை மழித்துவிடச் செய்தார்கள். தாயார் அஸ்மா (ரலி) பிள்ளைகள் எத்தீமாகிவிட்டதைச் சொல்லி வருந்தியபோது, அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்றார்கள். பிள்ளைகளின் முடி வளர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கும் கண் சோறு கொண்டுபோகும் கைக்கும் வேண்டும்.

ஐந்தாம் நாள் ஜமாஅத் அலுவலகத்தில் கூட்டம் கூடிற்று. அதற்குள் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கப்பட்டு, துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் பிள்ளைகள் தொகைகளை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு யோசனைகள் மேலோங்கின. ஒன்று, குடும்பத்துக்கு ஒரு பணமுடிப்பு. மற்றொன்று, அன்னாரின் பெயரால் சலவைக்கல் பதித்த ஒரு நினைவு மண்டபம். மண்டபத்தின் படம்கூட மறுநாள் குழுவில் வந்துவிட்டது. சிலர் எத்தீம் பிள்ளைகளுக்கு என்று ஜகாத் பணத்தையே எடுத்து வந்தார்கள். எத்தீம் என்றால் ஏழை என்று யார் இவர்களுக்குச் சொன்னது? தகப்பனை இழந்த பிள்ளை எத்தீம். அவனுக்குச் சொத்திருந்தால் அவன் ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவன் அல்லன். வயது வந்தபின், ஏன், நம் மத்ஹபில் அதற்கு முன்பேகூட, அவன் பொருளில் ஜகாத் கடமையாகலாம். அந்தப் பணத்தை நான் அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

டாக்டரின் மனைவி இத்தாவில் இருந்தார். ஆகவே என் வீட்டாரைத்தான் அனுப்பிக் கேட்கச் செய்தேன். போய்வந்தவள் முதலில் சொன்னது டாக்டரின் தாயார் சொன்னது. எண்பதைக் கடந்த அந்த அம்மையார், "என் மவன் பத்து ரூவா யாரிடமும் கை நீட்டி வாங்குனதில்லே. இப்ப எங்களைப் பள்ளிவாசல் வாசல்லே உக்கார வைக்கப் போறீங்களா, லாத்தா?" என்று கேட்டாராம். மருமகளோ நிதானமாகப் பேசியிருக்கிறார்: "முடிப்பு வேண்டாம். அவங்க யார் யாருக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியலே. அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

அது போதும் என்று அவர் சொன்னது எளிய வேலையாக இருக்கவில்லை. மைத்துனரும் கம்பவுண்டரும் நானும் மூன்று வாரங்கள் உட்கார்ந்தோம். லேப்ராஸ்கோப் கருவியை விற்ற நிறுவனத்துக்குத் தவணைப் பாக்கி. மருந்து மொத்த வணிகருக்குப் பாக்கி. கடைசி மாதங்களில் மருத்துவமனை நடக்காதபோதும் டாக்டர் நிறுத்தாமல் கொடுத்துவந்த செவிலியர் சம்பளத்தில் இரண்டு மாத நிலுவை. எல்லாம் சேர்ந்து 14 லட்சத்தைத் தாண்டியது. சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்த எட்டு மாத வைத்தியம் கையிருப்பை ஏற்கனவே தின்றிருந்தது. இதற்கெல்லாம் மேலாக இன்னொரு கடனை எங்கள் ஹஜ்ரத் அவர்களே நினைவூட்டினார்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை வாங்கிப் பார்த்து, எழுதப்பட்ட மஹர் கொடுபட்டதா என்று விசாரித்தார்கள். கொடுபடவில்லை. கணவர் இறந்த வீட்டில் விதவை தன் வாயால் மஹரைக் கேட்கமாட்டாள். அதுவும் சொத்தின் மீதுள்ள கடன் என்பதைப் பிறர்தாம் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் கம்பவுண்டர் அந்த மூன்று நீள நோட்டுகளையும் மேசைமேல் வைத்தார். சிவப்புக் கோடு விழாத பெயர்கள் 212. தொகை ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

கூட்டத்தில் பெரும்பாலோர் நினைத்தது ஒன்றுதான்: டாக்டர் போய்விட்டார், அந்தக் கணக்கும் அவரோடு போயிற்று. "அவுங்க பெரிய மனசுக்காரவுங்க, மன்னிச்சிருப்பாங்க" என்றார் ஒருவர். டாக்டரின் மனைவியும் முதலில் எல்லாவற்றையும் மன்னித்துவிடவே விரும்பினார். ஹஜ்ரத் அவர்கள் இடைமறித்துச் சட்டத்தை விளக்கினார்கள். அதைக் கேட்டு என் பக்கத்தில் இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒருவருக்குப் பிறர் தரவேண்டிய கடனும் அவர் விட்டுச் சென்ற சொத்தே. அதிலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்து அவர் பட்ட கடன், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. ஆகவே டாக்டர் பட்ட கடன் தீரும்வரை, அவருக்கு வரவேண்டிய கடனை மன்னிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தீர்ந்த பின்போ? மனைவிக்கு எட்டில் ஒன்று, தாயாருக்கு ஆறில் ஒன்று, எஞ்சியது மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற கணக்கில். மொத்தத்தை 72 பங்காக வைத்தால் மனைவிக்கு 9, தாயாருக்கு 12, மகளுக்கு 17, மகனுக்கு 34. வயது வந்த மூன்று பெண்களும் மனமுவந்து மன்னித்தாலும் 38 பங்கைத்தான் மன்னிக்க முடியும். 34 பங்கு பதினொரு வயதுப் பிள்ளையுடையது. அதை அவன் தாய் மன்னிக்க முடியாது, பாட்டி மன்னிக்க முடியாது, ஜமாஅத் மன்னிக்க முடியாது. அவனேகூட இப்போது மன்னிக்க முடியாது. எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர்களைப் பற்றித் திருமறையின் நான்காம் அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நோயின்போது டாக்டர் மேலும் சில பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். மரணப் படுக்கையில் செய்த தள்ளுபடி வஸிய்யத்தின் சட்டத்துக்கு உட்படும் என்றார்கள் ஹஜ்ரத். கணக்கிட்டுப் பார்த்ததில் அது மூன்றில் ஒரு பங்கை எட்டவே இல்லை. எனவே அந்தப் பெயர்கள் அடிபட்டவையாகவே நின்றன.

நாட்டுச் சட்டப்படி இத்தகைய கடனை மூன்றாண்டுகளுக்குள் வழக்காடிப் பெறாவிட்டால் காலாவதியாகிவிடும். நோட்டில் இருந்தவற்றில் பாதிக்குமேல் அப்படிக் காலாவதியானவை. நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. நம் மார்க்கத்திலோ கடனுக்குக் காலாவதி கிடையாது. இந்த வேறுபாடு தெரிந்த ஒருவர், தாம் படித்தவர் என்பதைக் காட்டிக்கொள்ள, கூட்டத்தில் எழுந்து சட்டப் பிரிவைச் சொன்னார். யாரும் மறுமொழி கூறவில்லை. அவர் பெயரும் நோட்டில் இருந்தது என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

ஊருக்கு எப்படிச் சொல்வது என்பது பெரிய கேள்வியாயிற்று. பெயர்களைப் பலகையில் எழுதி ஒட்டலாம் என்றார் ஓர் இளைஞர். கேட்டதுமே எனக்கு உடம்பு கூசியது. ஒருவருடைய நோயும் வறுமையும் சேர்ந்து எழுதப்பட்ட ஏடு அது. இன்னார் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தது, இன்னாருக்கு மூலம் அறுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் ஜும்ஆவில் ஹஜ்ரத் பொதுவாக ஒரு விளக்கம் அளித்தார்கள், யாரையும் சுட்டவில்லை. அஸருக்குப் பின் கம்பவுண்டர் மருத்துவமனை முன்னறையில் நோட்டோடு தனியே உட்கார்ந்திருப்பார். விரும்புகிறவர் தனியே வந்து தம் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

முதல் நான்கு நாட்கள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மின்வேலைக்காரர் வந்தார். தகப்பனாரின் அறுவைக்கு 6,500 ரூபாய் பாக்கி, கையில் பணமில்லை. டாக்டர் வீட்டுக் கிணற்று மோட்டாரும் மாடி ஒயரிங்கும் பழுதாகிக் கிடப்பதைக் கேள்விப்பட்டு, வேலையாகக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சந்தைக் கூலிக்குக் குறையாமலும் கூடாமலும் மதிப்பிட்டுக் கழிக்கலாம் என்று ஹஜ்ரத் சொன்னார்கள். அந்த வேலை அந்த வீட்டுக்கு அப்போது பணத்தைவிட அவசியமாக இருந்தது. ஆண்கள் இல்லாத வீட்டில் மோட்டார் நின்றுபோய் இரண்டு வாரமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். பணம் அறிவித்த எங்கள் யாருக்கும் அது தெரியாது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மாதம் 500 என்று தவணை கேட்டவர்கள் உண்டு. மீனவர் குப்பத்திலிருந்து வந்த ஒரு முதியவர், தம் பெயர் சிவப்பில் அடிபட்டிருப்பதைக் கண்டு கோபித்துக்கொண்டார். "நான் குடுப்பேன்னுதானே சொன்னேன், எதுக்கு அடிச்சாரு?" என்று சண்டை. அவர் தந்ததை அன்பளிப்பு என்று வேறு நோட்டில் எழுதினோம்; கடனையும் கொடையையும் ஒரே பையில் போடக்கூடாது என்பது முதல் நாளிலேயே நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

சலவைக்கல் மண்டபத்துக்கு ஒரு லட்சம் அறிவித்த வணிகர் ஒருவரின் பக்கத்தில் 38,000 ரூபாய் நின்றது. அவரிடம் நானே போனேன். டாக்டர் வாயளவில் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சாட்சி இல்லை. வீட்டில் கேட்டோம். "அவங்க மன்னிச்சதா அவர் சொன்னா, அவர் சொல்லை ஏத்துக்குங்க. சத்தியம் வாங்க வேண்டாம்" என்று டாக்டரின் மனைவி சொல்லியனுப்பினார். பையனின் பங்கு என்னாவது என்று கேட்டதற்கு, அந்தக் கணக்கில் அவன் பங்குக்குரியதைத் தம் மஹர் பணத்திலிருந்து அவனுக்கு ஈடு செய்துவிட்டார். அந்த வணிகரை நான் இப்போதும் தொழுகையில் பார்க்கிறேன். ஸலாம் சொல்லிக்கொள்கிறோம்.

பணத்தைவிட அதிக நேரத்தைத் தின்றவை காகிதங்கள்தாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வங்கியும் காப்பீட்டு அலுவலகமும் வாய் திறக்கமாட்டா. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம். இத்தாவில் இருக்கும் பெண் கையெழுத்துப் போடக்கூடாது, வெளியில் இறங்கவே கூடாது என்று சில மூத்த பெண்கள் தடுத்தார்கள். அவசியத் தேவைக்குப் பகலில் சென்று திரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை என்று ஹஜ்ரத் வீட்டு வாசலில் நின்றே விளக்கினார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் முடியட்டும் என்று காத்திருந்தால் எத்தனை கெடு தேதிகள் கடந்துபோயிருக்கும்! வங்கியில் நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர்தானே தவிர, அதற்கு உரிமையாளர் அல்லர் என்பதையும் அப்போதுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

மருத்துவமனைக் கட்டிடத்தை வாங்க வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டார். ரொக்கம் தருகிறேன், கவலை தீரும் என்றார்; விலையோ பாதி. இறந்தவர் வீட்டைச் சுற்றி முதலில் வட்டமிடுவது காகம் அன்று, தரகர். வக்கீல் ஒருவர் கட்டணமின்றி ஆலோசனை சொன்னார். முஸ்லிம் சட்டப்படி தாய் மைனர் பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளர் அல்லர். 1890 ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் நியமித்து அனுமதித்தாலன்றி அவன் பங்கை விற்க இயலாது. தாயைக் காப்பாளராகக் கருதாத இந்தச் சட்டம் எனக்கு உவப்பானதன்று. எனினும் அன்று அதுவே அந்தக் கட்டிடத்தைக் காப்பாற்றியது. டாக்டரோடு படித்த ஒருவர் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். லேப்ராஸ்கோப் கருவியை அவரே நியாய விலைக்கு வாங்கினார். அல்ட்ராசவுண்ட் கருவியை மட்டும் நினைத்தபடி விற்க முடியவில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத எவருக்கும் அதை விற்கக் கூடாது. அதற்கே தனியாக மூன்று மாத அலைச்சல்.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிறுவன். வீட்டுக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் அவன் தலையில் கை வைத்து, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை. நீயும் வாப்பா மாதிரி டாக்டராகணும்" என்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் இந்த இரண்டு மூட்டைகளையும் ஏற்றிவைத்துவிட்டு, நல்ல வார்த்தை சொன்ன திருப்தியோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், அவனுடைய முடி காதை மூடியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு வாப்பாவோடு முடிவெட்டப் போவானாம். நான் அழைத்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து துணி போர்த்தியபின், கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், டாக்டர் ஆகலேன்னா வாப்பாவுக்குக் கஷ்டமா இருக்குமா?" அவனுக்குப் படகு எஞ்சின்களில்தான் ஆசை. அவன் வாப்பா அதற்காக ஒரு பழைய எஞ்சினை வாங்கிக் கொல்லையில் போட்டிருந்ததை நினைவூட்டினேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மகளுக்கோ ஐந்தாம் மாதமே சம்பந்தங்கள் வரத் தொடங்கின. "பாரம் குறையட்டுமே" என்று தூது வந்தவர்கள் சொன்னார்கள். படிப்பு முடியட்டும் என்று பாட்டியம்மாவே அவர்களைத் திருப்பியனுப்பினார். பள்ளிவாசல் வாசலில் உட்கார வைப்பீர்களா என்று கேட்ட அதே குரலில்தான் சொன்னாராம். அவள் இன்று படிப்பை முடித்துத் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள்.

டாக்டர் பட்ட கடன் 2025 தொடக்கத்தில் முழுவதும் தீர்ந்தது. காப்பீட்டுத் தொகை, வாடகை, கருவி விற்ற பணம், நோட்டு வரவு எல்லாம் சேர்ந்து தீர்த்தன. அறிவிக்கப்பட்ட பணமுடிப்பிலிருந்து ஒரு ரூபாயும் அதற்குப் போகவில்லை. வட்டி வேண்டாம் என்பதால் சிறுவனுடைய பங்கை மாமா கடைத்தெருவில் ஒரு சிறு கடை வாங்கி அவன் பெயரில் எழுதிவைத்திருக்கிறார். மண்டபப் பணம் வங்கியில் கிடக்கிறது. சலவைக்கல்லா, அடையாற்றுக்குப் போகும் ஏழை நோயாளிகளுக்கு வண்டிச் செலவா என்று ஜமாஅத்தில் இன்னும் வாதிடுகிறார்கள். நான் வண்டிச் செலவின் பக்கம். கல்லின் பக்கம் ஆள் அதிகம்.

கம்பவுண்டருக்கு இப்போது வேறிடத்தில் வேலை. என்றாலும் வியாழன்தோறும் அஸருக்குப் பின் நோட்டோடு வந்து உட்கார்கிறார். இன்னும் 41 பெயர்கள் மிச்சம். அவர்களில் ஒன்பது பேர் வஃபாத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். மூன்றாவது நோட்டில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் பட்டு ஒரு பெயர் கலைந்து போயிருக்கிறது. தொகை மட்டும் தெரிகிறது, 4,200. தேதியை வைத்துத் தியேட்டர்ப் பதிவேட்டில் தேடினோம்; அன்று மூன்று அறுவைகள் நடந்திருக்கின்றன. அந்த மூன்று வீடுகளுக்கும் தனித்தனியே போய்க் கேட்க வேண்டும் என்று கம்பவுண்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.